நானோ சிலிக்கான் ஆனோடு: தூளில் தொடங்கி நம்பத்தகுந்த எண் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

லித்தியம் அயனி பேட்டரியின் ஆனோடு, அதாவது எதிர்முனை, என்றால் இன்றும் பெரும்பாலும் கிராஃபைட்தான். சோனி நிறுவனம் 1991இல் கார்பன் ஆனோடு வைத்த முதல் வணிக லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து கார்பன் குடும்பத்தின் பிடி தளரவில்லை. ஒரு கிராம் கிராஃபைட் அதிகபட்சம் 372 எம்ஏஹெச் (மில்லியாம்பியர்-மணி) மின்னூட்டத்தைத் தாங்கும். சிலிக்கானோ அறை வெப்பநிலையில் 3579 எம்ஏஹெச் வரை தாங்கும். இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

சிக்கல் என்னவென்றால், லித்தியத்தை வயிறு நிறைய வாங்கிக்கொண்ட சிலிக்கான் ஏறக்குறைய நான்கு மடங்கு பருமனாகிவிடும். லித்தியம் வெளியேறும்போது மீண்டும் சுருங்கும். பெரிய துகள் இந்த இழுபறியைத் தாங்காமல் விரிசல் விட்டு உடைகிறது. துகளைப் போதுமான அளவுக்குச் சிறிதாக்கினால் உடையாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யி சுய் குழு 2008இல் சிலிக்கான் நானோ கம்பிகளை வைத்துக் காட்டியது இதைத்தான். அதன்பின் இந்தத் துறையே வேறு வேகத்தில் ஓடத் தொடங்கியது.

இந்த வழிகாட்டி, ஆய்வகத்தில் முதன்முறையாக நானோ அமைப்புள்ள மின்முனை ஒன்றைச் செய்து சோதிக்கப் போகிற மாணவருக்கானது. சிலிக்கானை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். டின், ஜெர்மானியம், இரும்பு ஆக்சைடு என்று எதில் வேலை செய்தாலும் முக்கால்வாசி அப்படியே பொருந்தும். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். நானோ அமைப்பு உடைவதைத் தடுக்கிறது. பதிலுக்கு ஏராளமான மேற்பரப்பை உங்கள் தலையில் கட்டுகிறது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அந்த மேற்பரப்பு தன் பங்கைக் கேட்டு வந்து நிற்கும். அதைக் கணக்கில் வைத்தவரின் எண்களைத்தான் மற்றவர்கள் திரும்பச் செய்து பார்க்க முடிகிறது.

படி 1: பொருளைத் தொடும் முன் தாளில் கணக்கு

முதலில் இலக்கு. 3579 என்பதை அப்படியே எட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. ஆனோடு தனியாக வேலை செய்வதில்லை. எதிரில் நேர்முனையாக ஒரு கேத்தோடு உண்டு. இன்றைய நல்ல கேத்தோடு ஒரு கிராமுக்குச் சுமார் 200 எம்ஏஹெச் தரும் என்று வையுங்கள். இரண்டையும் சேர்த்து, இரு பொருள்களின் மொத்த எடைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பாருங்கள். இரண்டின் தலைகீழ் எண்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மறுபடி தலைகீழாக்கினால் விடை வந்துவிடும்.

கிராஃபைட் என்றால் கிராமுக்கு 130 எம்ஏஹெச். ஆனோடு 1000 தந்தால் 167. ஆனோடு 2000 தந்தால் 182. முழு 3579ஐயும் பிழிந்தெடுத்தால் 189. அதாவது 372இலிருந்து 1000க்குப் போனால் 28 சதவீதம் லாபம். அங்கிருந்து 3579க்குப் போக நீங்கள் படப்போகும் அத்தனை பாட்டுக்கும் கிடைப்பது இன்னொரு 13, 14 சதவீதம்தான். 1000க்கும் 1500க்கும் இடையில் நின்றுகொண்டு ஆயுளைக் கூட்டுவதுதான் என் கணக்கில் புத்திசாலித்தனமான இலக்கு. சிலிக்கானையும் கிராஃபைட்டையும் கலந்து செய்யும் மின்முனைகள் இந்த அடிப்படையில்தான் வந்தன.

அடுத்தது கன அளவு. எடைக்கணக்கில் கிட்டத்தட்ட 10 மடங்கு சிறந்த சிலிக்கான், வீங்கிய நிலையின் பருமனை வைத்துப் பார்த்தால் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2190 எம்ஏஹெச். லித்தியம் ஏறிய கிராஃபைட்டோ எழுநூற்றுச் சொச்சம். ஆக, லாபம் சுமார் 3 மடங்கு. கைபேசியிலும் காரிலும் இடம்தான் தட்டுப்பாடு என்பதால் இந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் அதிகம் மதிப்பேன்.

இனி துகளின் அளவு. மின்நுண்ணோக்கிக்குள்ளேயே லித்தியத்தை ஏற்றிப் பார்த்த ஆய்வுகள், படிக சிலிக்கான் துகள் சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் முதல் ஏற்றத்தில் உடைவதில்லை என்று 2012இல் காட்டின. சரி, அப்படியானால் 20 நானோமீட்டர் இன்னும் நல்லதா? இல்லை. 10 மைக்ரோமீட்டர் துகளுக்கு ஒரு கிராமில் சுமார் 0.26 சதுர மீட்டர் மேற்பரப்பு. 100 நானோமீட்டரில் 26 சதுர மீட்டர். 20 நானோமீட்டரில் 130. காற்று பட்ட சிலிக்கானின் மேல் ஒன்றிரண்டு நானோமீட்டர் ஆக்சைடுத் தோல் எப்போதும் இருக்கும். 2 நானோமீட்டர் தோல் என்றால், 100 நானோமீட்டர் துகளின் பருமனில் 11 சதவீதத்துக்கு மேல் ஆக்சைடுதான். 50 நானோமீட்டர் துகளில் 22 சதவீதம். உடையாத அளவில் இருப்பதிலேயே பெரிய துகள் எதுவோ அதுதான் உங்களுக்கு வேண்டியது. 80 முதல் 150 நானோமீட்டர் வரை நல்ல தொடக்கம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லித்தியம் துகளுக்குள் ஊடுருவ ஆகும் நேரம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 10 மைக்ரோமீட்டரை 100 நானோமீட்டர் ஆக்கினால் தூரம் 100 மடங்கு குறையும், நேரம் 10,000 மடங்கு குறையும். இரும்பு பாஸ்பேட் போன்ற மந்தமான கேத்தோடு பொருள்களுக்கு நானோவும் கார்பன் பூச்சும் உயிர்கொடுத்ததற்கு இது ஒரு பெரிய காரணம். சிலிக்கானில் இது துணை லாபம் மட்டுமே.

படி 2: தூள்

மூன்று வழிகள் உண்டு. விலைக்கு வாங்கலாம்; பந்து ஆலையில் அரைக்கலாம்; சிலிக்காவை மெக்னீசியத்தால் ஒடுக்கலாம். முதல் முறை செய்பவர் வாங்கிய தூளிலேயே தொடங்குங்கள். மற்ற படிகளில் கை படியும் வரை தூளும் மாறிக்கொண்டிருந்தால் எது எதனால் வந்தது என்று சொல்லவே முடியாது.

அரைப்பதாக இருந்தால், கலத்தை ஆர்கான் நிரப்பி மூடுங்கள். எஃகுப் பந்து இரும்பைக் கலக்கும். சிர்கோனியா பந்து நல்லது. அரைத்து முடித்த கலத்தைச் சடாரென்று காற்றில் திறக்கக் கூடாது. புதிதாக உடைந்த சிலிக்கான் மேற்பரப்பு ஆக்சிஜனுக்குப் பசித்திருக்கும்; தூள் தீப்பற்றலாம். க்ளவ் பாக்ஸுக்குள் (கையுறை வழியே வேலை செய்யும் ஆர்கான் பெட்டி) திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக்குப் பழக்குங்கள்.

மெக்னீசிய வழி அழகானது. சிலிக்கா எந்த வடிவத்தில் நுண்துளைகளோடு இருந்ததோ, ஏறக்குறைய அதே வடிவத்தில் சிலிக்கான் கிடைக்கும். ஒரு மூலக்கூறு சிலிக்காவுக்கு இரண்டு அணு மெக்னீசியம். 650 டிகிரி செல்சியஸ் அருகில் ஆர்கான் சூழலில் சூடேற்ற வேண்டும். வினை தானே பெரும் வெப்பத்தைக் கக்கும். அந்த வெப்பத்தில் நுண்துளைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சாதாரண உப்பைக் கலப்பார்கள். 801 டிகிரியில் உருகும் உப்பு அதிகப்படி வெப்பத்தை விழுங்கிக்கொள்ளும். அப்புறம் தண்ணீரில் கழுவினால் உப்பு போய்விடும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மெக்னீசியம் ஆக்சைடு போய்விடும்.

அமிலம் ஊற்றும் இடத்தில்தான் கவனம் வேண்டும். மெக்னீசியம் மிகுந்திருந்தால் மெக்னீசியம் சிலிசைடு உருவாகியிருக்கும். அது அமிலம் பட்டதும் சிலேன் வாயுவை விடும். சிலேன் காற்றில் தானாகவே பற்றிக்கொள்ளும். புகைபோக்கி அறைக்குள், சிறிது சிறிதாக, குளிர்ந்த நீர்த்த அமிலத்தை விடுங்கள். மிஞ்சிய சிலிக்காவை எடுக்க ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் பயன்படுத்துவது வழக்கம். அதற்கென்று பயிற்சி பெற்றவரும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். கொஞ்சம் சிலிக்கா மிஞ்சினால் மிஞ்சட்டும்.

படி 3: கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது

எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில், தாமிரக் கதிருக்கு 28.4 டிகிரி அருகே சிலிக்கானின் முதல் சிகரம் தெரியும். சிகரத்தின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டால் வருவது படிகத்தின் அளவு. துகளின் அளவு இல்லை. பல குட்டிப் படிகங்கள் சேர்ந்து ஒரே துகளாக இருக்கலாம். துகளின் அளவுக்கு மின்நுண்ணோக்கிப் படம் வேண்டும். அந்தப் படமோ சில நூறு துகள்களை மட்டுமே காட்டும். அதனால் நைட்ரஜன் உறிஞ்சல் முறையில் மேற்பரப்பையும் அளந்துவிடுங்கள். படத்தில் 100 நானோமீட்டர் என்று தெரிகிறது, ஆனால் மேற்பரப்பு 26க்குப் பதிலாக 60 சதுர மீட்டர் வருகிறதா? அப்படியென்றால் கண்ணுக்குப் படாத பொடித்துகள்களோ நுண்துளைகளோ உள்ளே இருக்கின்றன. இரண்டு அளவீடுகளும் ஒத்துப்போகும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 4: கார்பன் உறை

கார்பன் உறை இரண்டு வேலை செய்கிறது. மின்சாரம் கடத்துகிறது, மின்பகுளி (லித்தியம் அயனிகளைச் சுமக்கும் திரவம்) நேராக சிலிக்கானைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறது. குளுக்கோஸ், பாலிடோபமின், பிட்ச் என ஏதாவது ஒரு கரிமப் பொருளைத் துகளின் மேல் படியவைத்து, ஆர்கானில் 700 முதல் 900 டிகிரி வரை சூடேற்றினால் கரியாகிவிடும். வெப்பத்தை ரொம்ப ஏற்றினால் சிலிக்கான் கார்பைடு உருவாகும். அது லித்தியத்தைச் சீண்டாது, சும்மா எடைதான். 35.6 டிகிரியில் புதிய சிகரம் முளைத்திருக்கிறதா என்று எக்ஸ்-கதிரில் பார்த்துவிடுங்கள்.

கார்பன் எத்தனை சதவீதம் என்று அறிய வெப்ப எடைப் பகுப்பாய்வு செய்வார்கள். காற்றில் சூடேற்றினால் கார்பன் எரிந்து எடை குறையும். அதே சமயம் நானோ சிலிக்கான் ஆக்சிஜனேற்றம் அடைந்து எடை கூடத் தொடங்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், கார்பன் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். உறை பூசாத தூளையும் அதே நிலையில் ஓட்டி ஒப்பிடுவதுதான் சரி.

உள்ளே வெற்றிடம் விட்டு, வெளியே உறை போடும் மஞ்சள்கரு-ஓடு அமைப்பு பற்றிப் பலர் கேட்பார்கள். பருமன் 3.8 மடங்காகும்போது விட்டம் 1.56 மடங்காகும். 100 நானோமீட்டர் துகளுக்கு 156 நானோமீட்டர் உள்விட்டமுள்ள ஓடு வேண்டும். ஓடு உடையாது, மின்பகுளி சிதைந்து படியும் படலமும் ஓட்டின் மேல் நிலையாக நிற்கும், அருமையான யோசனை. ஆனால் ஒரு பங்கு சிலிக்கானுக்கு 2.8 பங்கு வெற்றிடம். உருளையால் மின்முனையை அழுத்தும்போது அந்த ஓடுகள் நொறுங்காமல் நிற்க வேண்டும். அழுத்தாமலேயே சோதித்துவிட்டு, உயர்ந்த எண்ணை மட்டும் எழுதிவிட்டால் கேள்வி அப்படியே நிற்கும்.

படி 5: ஸ்லரி

ஸ்லரி என்பது தகட்டில் பூசப்போகும் குழம்பு; அதில் துகள்களை ஒட்டிவைக்கும் பசைதான் பைண்டர். சிலிக்கானுக்குப் பிவிடிஎஃப் (பாலிவினைலிடீன் ஃபுளூரைடு) பைண்டர் சரிப்படாது. அது துகளை வெறுமனே பிடித்திருக்கும். நாலு மடங்கு வீக்கத்தில் பிடி விட்டுவிடும். கார்பாக்சில் தொகுதிகள் நிறைந்த பைண்டர்கள்தான் வேண்டும்: கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், பாலிஅக்ரிலிக் அமிலம், கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட். இவை சிலிக்கானின் ஆக்சைடுத் தோலில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடு பிணைப்பு ஏற்படுத்திக்கொள்ளும். அறுந்தாலும் திரும்பச் சேரும். படி 1இல் எரிச்சலூட்டிய அந்த ஆக்சைடுத் தோல் இங்கே உதவிக்கு வருகிறது.

எடை விகிதம் 70 பங்கு சிலிக்கான், 15 பங்கு கார்பன் கருப்பு, 15 பங்கு பைண்டர் என்று தொடங்கலாம். மைக்ரோ துகளுக்குப் போதும் என்ற பைண்டர் அளவு நானோ துகளுக்குப் போதாது. காரணம் உங்களுக்குத் தெரியும்: மேற்பரப்பு. முதலில் பைண்டரைத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். கார்பன் கருப்பைப் போட்டுக் கட்டியில்லாமல் கலக்குங்கள். கடைசியில்தான் சிலிக்கான்.

நானோ சிலிக்கானும் தண்ணீரும் சேர்ந்தால், அதுவும் கார நிலையில், ஹைட்ரஜன் வரும். ஸ்லரிப் புட்டியை இறுக மூடி இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள், மூடி தெறிக்கும். பூச்சில் ஊசிமுனைத் துளைகள் தெரிந்தால், அவை பெரும்பாலும் இந்தக் குமிழிகள்தான். ஸ்லரியின் பிஹெச் அளவை 3 அருகே வைத்தால் இந்தத் தொல்லையும் குறையும், பைண்டரின் பிணைப்பும் வலுக்கும்.

படி 6: பூசுவதும் உலர்த்துவதும்

ஆனோடுக்குத் தாமிரத் தகடு. லித்தியத்தோடு சேர்ந்துவிடும் என்பதால் அலுமினியம் இங்கே ஆகாது. ஆல்கஹாலால் துடைத்த தகட்டில் டாக்டர் பிளேடால் (பூச்சின் தடிமனைச் சமமாக்கும் கத்தி) ஒரே வேகத்தில் இழுங்கள். அவசரப்பட்டு உடனே 100 டிகிரி அடுப்பில் வைத்தால் பூச்சு வறண்ட குளத்துத் தரை போல வெடித்துவிடும். நானோ துகள்களுக்கு இடையிலான இடுக்குகள் மிகச் சிறியவை. உலரும்போது அவற்றில் எழும் நுண்குழாய் அழுத்தம் அதற்கேற்பப் பெரியது. அறை வெப்பநிலையில் மெதுவாக ஈரம் போகட்டும், பிறகு 80 முதல் 120 டிகிரியில் வெற்றிட அடுப்பில் ஓர் இரவு. அப்படியும் வெடித்தால் பூச்சின் தடிமனைக் குறைக்க வேண்டும், அல்லது நானோ துகள்களைத் தெளிப்பு உலர்த்தி மூலம் மைக்ரோ அளவு உருண்டைகளாகத் திரட்டிக்கொண்டு பூச வேண்டும். தொழிற்சாலை பக்கம் போக நினைக்கும் ஆய்வுகளுக்கு இந்த இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன்.

படி 7: எடை

மொத்த வேலையிலும் இந்தப் படிதான் அதிகம் அலட்சியப்படுத்தப்படுகிறது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டு ஒன்றை வெட்டுங்கள். அதன் பரப்பு 1.13 சதுர சென்டிமீட்டர். 10 மைக்ரோமீட்டர் தாமிரத் தகட்டில் அந்த வட்டு மட்டும் 10.13 மில்லிகிராம் இருக்கும். பூச்சோடு சேர்த்து 11.63 வந்தால், பூச்சு 1.50 மில்லிகிராம். அதில் 70 சதவீதம், அதாவது 1.05 மில்லிகிராம், சிலிக்கான். 3579ஆல் பெருக்கினால் 3.76 எம்ஏஹெச். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.3 எம்ஏஹெச், வணிக பேட்டரிகளோடு ஒப்பிடத் தகுந்த அளவு.

இப்போது தாமிரத் தகட்டின் தடிமன் அந்த இடத்தில் 1 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று வையுங்கள். 0.1 மில்லிகிராம் பிழை. 1.50இல் அது கிட்டத்தட்ட 7 சதவீதம். உங்கள் கொள்ளளவு கிராமுக்கு 200 எம்ஏஹெச்சுக்கு மேல் தவறாக வரும். தவற்றின் சுவடே தெரியாது. பூச்சு இன்னும் மெல்லியதாக, 0.3 மில்லிகிராம் மட்டும் இருந்தால், அதே பிழை 33 சதவீதம். மெல்லிய பூச்சில் பிரமாதமான எண்களை நான் படிக்கும்போதெல்லாம் முதலில் எடையைத்தான் தேடுவேன்.

ஆகவே: மைக்ரோகிராம் படிக்கும் தராசு. அதே சுருளில், பூச்சுக்கு இரு பக்கமும் இருந்து வெற்று வட்டுகள் பல வெட்டி, அவற்றின் சராசரியும் சிதறலும். ஒவ்வொரு வட்டின் எடையையும் வெட்டிய இடத்தோடு குறித்து வையுங்கள்.

படி 8: காயின் செல் கட்டுதல்

க்ளவ் பாக்ஸில் ஆர்கான்தான் இருக்க வேண்டும். லித்தியம் நைட்ரஜனோடும் வினைபுரியும். ஈரமும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கட்டும். ஈரம் ஏறினால் மின்பகுளியில் உள்ள லித்தியம் ஹெக்சாஃபுளூரோபாஸ்பேட் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடைத் தரும்.

சிஆர் 2032 என்ற நாணய வடிவச் செல்லில் அடுக்கும் வரிசை: கீழ்க்கிண்ணம், சிலிக்கான் மின்முனை பூச்சுப் பக்கம் மேலே, மின்பகுளி, பிரிப்பான் படலம், மறுபடி மின்பகுளி, லித்தியம் வில்லை, எஃகு ஸ்பேசர், அலை ஸ்பிரிங், மேல்மூடி. பிறகு அழுத்தியால் மூடி இறுக்குங்கள். லித்தியம் வில்லை மின்முனையைவிடப் பெரிதாகவும், பிரிப்பான் இரண்டையும்விடப் பெரிதாகவும் இருக்க வேண்டும். மின்முனை நடுவில் இருந்து நகர்ந்துவிட்டால் அதன் ஓரம் வேலை செய்யாமல் போகும். மைக்ரோ பிப்பெட்டால் அளந்து ஊற்றிய மின்பகுளியின் அளவை எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மின்பகுளியாக எத்திலீன் கார்பனேட்டும் டைஎத்தில் கார்பனேட்டும் கலந்த கரைப்பானில் ஒரு மோலார் அந்த லித்தியம் உப்பு, அதோடு 10 சதவீதம் ஃபுளூரோஎத்திலீன் கார்பனேட். இந்தக் கடைசிப் பொருள் இல்லாமல் சிலிக்கான் வெகுநாள் ஓடாது. கட்டிய செல்லைச் சுமார் 12 மணி நேரம் ஓய்வில் விட்டு மின்னழுத்தம் பாருங்கள். 2.5 முதல் 3 வோல்ட் வரை இருந்தால் நல்லது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் உள்ளே குறுக்குச்சுற்று.

படி 9: முதல் சுழற்சி

கேத்தோடு இல்லாத இந்த அரைக் கலத்தில் எதிரில் லித்தியம் உலோகம் இருப்பதால், சிலிக்கான் தான் நேர்முனை. ஆகவே கருவி மின்னிறக்கம் என்று காட்டுவதுதான் சிலிக்கானுக்குள் லித்தியம் ஏறுவது. புதியவர்கள் இங்கே குழம்புவது சகஜம்.

முதல் ஏற்றம் மெதுவாக, 20 மணி நேரத்தில் நிரம்பும் வேகத்தில் இருக்கட்டும். நம் செல்லுக்கு 3.76ஐ 20ஆல் வகுத்தால் 0.188 மில்லியாம்பியர். கீழ் எல்லை 0.01 வோல்ட், மேல் எல்லை 1 வோல்ட். முதல் வளைகோட்டில் 0.1 வோல்ட் அருகே நீண்ட சமவெளி ஒன்று தெரியும். படிக சிலிக்கான் படிக ஒழுங்கை இழந்து உருக்குலையும் கட்டம் அது. இரண்டாவது சுழற்சியில் சமவெளி மறைந்து சரிவு வரும். மூன்றாவது, நான்காவது சுழற்சியிலும் சமவெளி கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் இருந்தால், முதல் தடவையில் எல்லாத் துகளுக்கும் மின்சாரம் போய்ச் சேரவில்லை என்று பொருள். திரும்பிப் போய் ஸ்லரிக் கலவையைப் பாருங்கள்.

இன்னொன்று. ஏற்றத்தின் முடிவில் சுமார் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் 15 லித்தியத்துக்கு 4 சிலிக்கான் என்ற படிகச் சேர்மம் உருவாகும். இது உருவாகி அழிவது துகளுக்குக் கூடுதல் சிரமம். 1000 முதல் 1500 எம்ஏஹெச் போதும் என்று முடிவெடுத்தவர் அந்தப் பக்கம் போகவே தேவையில்லை.

படி 10: கூலும் திறன்

உள்ளே போன லித்தியத்தில் எத்தனை பங்கு திரும்பி வந்தது என்பதே கூலும் திறன். மின்பகுளி, ஆனோடின் தாழ்ந்த மின்னழுத்தத்தில் சிதைந்து துகளின் மேல் ஒரு படலமாகப் படிகிறது. 1979இல் பெலெட் விளக்கிய இந்தத் திண்ம மின்பகுளி இடைமுகப் படலம் லித்தியத்தைத் தின்றுதான் வளர்கிறது. கிராஃபைட்டில் ஒருமுறை படிந்தால் ஏறக்குறைய நின்றுவிடும். சிலிக்கானில் ஒவ்வொரு வீக்கத்திலும் படலம் கிழிய, கிழிந்த இடத்தில் புதிதாகப் படிய, அதற்கும் லித்தியம் செலவாகிறது. ஒரு கிராமுக்கு 26 சதுர மீட்டர் மேற்பரப்பில் இது நடக்கிறது. நானோ சிலிக்கானின் முதல் சுழற்சித் திறன் கிராஃபைட்டைவிடக் குறைவாக வருவதற்கு இதுவே காரணம்.

சில எண்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் 99.5 சதவீதம் திரும்பி வந்தால் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. 500 சுழற்சிக்குப் பிறகு மிஞ்சுவது 8 சதவீதம். 99.9 என்றால் 61 சதவீதம். 99.99 என்றால் 95 சதவீதம். 500 சுழற்சியில் 80 சதவீதம் மிஞ்ச வேண்டுமானால் 99.955 வேண்டும்.

அப்படியானால் 99.5 வைத்துக்கொண்டு 500 சுழற்சி ஓடியதாகக் காட்டும் வரைபடங்கள் பொய்யா? பொய் இல்லை, அவை அரைக் கலத்தில் எடுத்தவை. 15 மில்லிமீட்டர் விட்டம், கால் மில்லிமீட்டர் தடிமன் உள்ள லித்தியம் வில்லையில் சுமார் 90 எம்ஏஹெச் இருக்கிறது. நம் மின்முனைக்குத் தேவை 3.76. இருபது மடங்குக்கு மேல் கையிருப்பு. எவ்வளவு வீணானாலும் அங்கிருந்து ஈடாகிவிடும். கொள்ளளவு வரைபடம் இழப்பை மறைக்கும். கூலும் திறன் வரைபடம்தான் காட்டிக்கொடுக்கும். அதையும் 0 முதல் 100 வரை அச்சு போட்டு வரையாதீர்கள். 99 முதல் 100 வரை பெரிதாக்கிப் போடுங்கள்.

அந்த இலக்கங்களை உங்கள் கருவி அளக்குமா என்பதும் பார்க்க வேண்டும். 5 மில்லியாம்பியர் எல்லையுள்ள சேனலின் துல்லியம் முழு எல்லையில் 0.1 சதவீதம் என்றால், பிழை 5 மைக்ரோஆம்பியர். 0.188 மில்லியாம்பியரில் ஓடும்போது அது 2.7 சதவீதம்! அப்புறம் 99.9க்கும் 99.8க்கும் வித்தியாசம் சொல்வதில் அர்த்தமே இல்லை. மின்னோட்டத்துக்குப் பொருந்தும் சிறிய எல்லையைத் தேர்ந்தெடுங்கள், செல்களை ஒரே வெப்பநிலையில் வையுங்கள். டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழு மிகத் துல்லியமான கருவிகளைத் தாங்களே கட்டிக்கொண்டது இந்தக் கடைசி இலக்கங்களைப் பிடிக்கத்தான்.

படி 11: முழுக் கலம்

லித்தியத்தை எடுத்துவிட்டு நிக்கல் சார்ந்த கேத்தோடு ஒன்றையோ இரும்பு பாஸ்பேட்டையோ எதிரில் வையுங்கள். ஆனோடின் கொள்ளளவு கேத்தோடைவிடச் சுமார் 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக இருக்கட்டும். குறைந்தால் ஆனோடின் மேல் லித்தியம் உலோகமாகப் படியும். இப்போது லித்தியம் மொத்தமும் கேத்தோடிலிருந்துதான் வர வேண்டும். முதல் சுழற்சியில் 20 சதவீதம் வீணானால் அது போனது போனதுதான். இதை ஈடுகட்ட, கலம் கட்டும் முன்பே ஆனோடை மின்பகுளியில் நனைத்து லித்தியத்தோடு தொட வைத்து, முன்கூட்டியே லித்தியம் ஏற்றுவது உண்டு.

மின்பகுளி அளவைக் குறித்து வைக்கச் சொன்னது இதற்காக. 100 மைக்ரோலிட்டர் ஊற்றினால் சுமார் 0.12 கிராம், 3.76 எம்ஏஹெச்சுக்கு அது ஒரு ஆம்பியர்-மணிக்கு 32 கிராம் கணக்கு. வணிக செல்களில் 2, 3 கிராம் அளவுதான். ஃபுளூரோஎத்திலீன் கார்பனேட் ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் செலவாகிக்கொண்டே வரும். தீர்ந்த அன்று கொள்ளளவு செங்குத்தாக விழும். தாராளமாக ஊற்றியவருக்கு அந்த நாள் தள்ளிப்போகும், அவ்வளவே. குறைந்தது மூன்று செல்களாவது ஒரே மாதிரி கட்டி, சராசரியோடு சிதறலையும் சொல்லுங்கள்.

படி 12: செத்த செல்லைத் திறப்பது

லித்தியத்தை முடிந்தவரை வெளியேற்றிய நிலையில், க்ளவ் பாக்ஸுக்குள் திறக்க வேண்டும். லித்தியம் ஏறிய சிலிக்கான் காற்றோடும் ஈரத்தோடும் வேகமாக வினைபுரியும். மின்முனையை டைமெத்தில் கார்பனேட்டில் மெதுவாக அலசுங்கள். ரொம்ப அலசினால் படலத்தின் ஒரு பகுதியும் கரைந்துபோகும். அலசாத துண்டு ஒன்றையும் எடுத்து வையுங்கள்.

முதலில் லித்தியம் வில்லையைப் பாருங்கள். கருத்துப் பொடிந்து போயிருந்தால், செத்தது உங்கள் சிலிக்கானாக இல்லாமல் இருக்கலாம். சதுர சென்டிமீட்டருக்கு 3 எம்ஏஹெச் என்ற அளவில் லித்தியம் உலோகமே சீக்கிரம் களைத்துவிடும். அதே சிலிக்கான் மின்முனையைப் புது லித்தியம், புது மின்பகுளியோடு மறுபடி கட்டுங்கள். கொள்ளளவு திரும்பி வந்தால் சிலிக்கான் பிழைத்துத்தான் இருக்கிறது.

திரும்பி வரவில்லையென்றால் மின்முனையைப் பாருங்கள். பூச்சு தகட்டிலிருந்து உரிந்து வந்தால் படி 5க்குப் போய் பைண்டரை மாற்றுங்கள். பூச்சு ஒட்டியிருக்கிறது, ஆனால் முன்பைவிடப் பல மடங்கு தடித்து, நுண்ணோக்கியில் துகள்களுக்கு இடையிலான இடுக்கெல்லாம் படலம் அடைத்துக் கிடக்கிறது என்றால் படி 4இன் கார்பன் உறை போதவில்லை, அல்லது துகள் தேவைக்கு மேல் சிறிது. துகள்களே பிளந்திருந்தால் படி 1இல் எடுத்த அளவு பெரிது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து, அடுத்த வட்டை வெட்டி எடை போடுங்கள்.